ரகசியக் குரல் தொண்டைக்கு ஆகாது

“உனக்கும் காது கேக்காதா கண்ணு?”

அந்த அம்மாள் கேட்டது வராந்தா முழுவதற்கும் கேட்டது. காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் ஒரே டாக்டர். மூன்று கூட்டத்துக்கும் ஒரே பெஞ்சு வரிசை. தனக்குக் காது மந்தம் என்றால் ஊருக்கே மந்தம் என்று சிலருக்கு ஒரு நினைப்பு உண்டு... அந்த அம்மாள் அந்த ரகம்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டி, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“ஐயோ பாவமே. பேச்சு வராதா? பொறந்ததிலேர்ந்தேவா?”

இதற்குக் கையாலே எப்படிப் பதில் சொல்வது? முந்தாநாள்தான் டாக்டர் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டும் வீங்கி, ஓரம் சிவந்து கிடந்தன. ஒரு வாரம் ஒரு வார்த்தை கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் குசுகுசுவென்று, “இப்படிப் பேசலாமா?” என்று கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “ரகசியக் குரல்ல பேசினா தொண்டைக்கு நல்லதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்கீங்க. அது கத்துறதுக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. பேசறதா இருந்தா ஒழுங்காப் பேசணும், இல்லன்னா வாயை மூடிக்கணும்.”

வாயை மூடிக்கொண்டாள். அதன் பலன், இந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார். வாய் பேசாதவளிடம் சொன்ன கதை வெளியே போகாது என்ற தைரியம்.

மகன் ஒலியமைப்பு வேலை பார்க்கிறானாம். மேடையில் பாடுகிறவர்களின் குரலை ஏற்றி இறக்கி ஜனங்களுக்குக் கொடுக்கிற வேலை. கூட்டத்துக்குப் பின்னால், இருட்டில், ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். நல்ல ஒரு இசைக்குழுவில் சேர்ந்திருந்தான். அங்கே ஒருத்தி... உச்சாணிக் கொம்பில் ஏறி நின்று பாடுகிறவள். அவள் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து மைக் நின்றுபோனதாம். அத்தனை பேர் முன்னால் மகனைப் பிடித்து விளாசிவிட்டாளாம். மறுநாளே வேலை போயிற்று. இப்போது பெரிய கடை ஒன்றில், கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

மடியில் இருந்த அவள் கை சில்லிட்டுப் போனது.

“எனக்கு வாய் பொல்லாதது கண்ணு. அவளை நெனச்சா என்னென்னவோ வரும். ஆனா அவ தொண்டைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தெனமும் வேண்டிக்கிறேன்.” அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “தொண்டை நல்லா இருந்தாத்தானே என் மகன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்க முடியும்?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பார்களே... அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

குழுவில் அவளுக்கு ‘உச்சி’ என்று பெயர். பட்டப்பெயர்தான். அவளுடைய கடைசிப் பாட்டின் கடைசி வரி படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் போய் நிற்கும். அந்த இடத்துக்காகவே ஜனம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். அவளும் டிரம்ஸ் எவ்வளவு அடித்தாலும் அதற்கு மேலே போய் நிற்பாள். முகவாயைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க... நாளுக்கு நாள் அந்த இடம் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இன்னும் கொஞ்சம் அழுத்துவாள்.

மைக் நின்றுபோன அன்று ஒரு கம்பெனியின் ஆண்டுவிழா. மத்தியானம் மைக் சரிபார்க்கும்போது, புதிதாக வந்த ஒலிக்காரன் பின்னாலிருந்து கேட்டான். அவள் காலடியில் இருக்கிற ஸ்பீக்கரில் அவள் குரல் அவளுக்குக் கேட்கிறதா, ஏற்றட்டுமா என்று. திரும்பிக்கூடப் பார்க்காமல், “என் குரல் எனக்குக் கேக்கணும்னு இல்ல. ஊருக்குக் கேட்டாப் போதும்,” என்றாள். குழு முழுக்கச் சிரித்தது. என்ன திமிர்... தன் குரல் தனக்குக் கேட்காத பாடகி இருட்டில் ஓடுகிறவள் மாதிரி. எங்கே இடித்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் இடித்துக்கொண்டாள்.

அந்த வரியில், அந்த உச்சியில், தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. துணி கிழிகிற மாதிரி. வாயிலிருந்து வந்தது பாட்டே இல்லை, ஒரு கீறல். ஆனால் அந்தக் கீறல் ஸ்பீக்கரில் வரவில்லை. வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் குரல் மட்டும் காணாமல் போயிருந்தது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைக் போச்சு, மைக் போச்சு என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார்.

அவளுக்குத் தெரியும். அந்தக் கணமே தெரியும். மைக் போகவில்லை, அவள் போனாள். யாரோ அவள் விழுவதைப் பார்த்து, விழுந்த சத்தம் ஊருக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

தெரிந்தும் என்ன செய்தாள்? பக்கத்தில் நின்ற துணைப்பாடகியின் மைக்கைப் பிடுங்கினாள். “பின்னாடி யாருப்பா அது? மைக்கைத் திறந்து வைக்கவே கை நடுங்குதுன்னா, வேற வேலை பாக்கலாமே.”

குரல் கரகரத்தது கோபத்தால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. கூட்டத்துக்குப் பின்னால் அந்தச் சின்ன விளக்கு அசையாமல் எரிந்தது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. “மன்னிக்கணும். தப்பு என்னோடதுதான்.”

அவ்வளவுதான் அவன். ஒரு விளக்கும் ஒரு குரலும். அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தாள்.

காது சோதிக்கிற அறையிலிருந்து கையில் ஒரு சீட்டோடு வந்தான். அம்மாவின் காதுக்கு மிஷின் தயாராகச் சில வாரம் ஆகுமாம். “யார்கிட்டம்மா பேசிட்டிருக்க?” என்றபடி திரும்பியவன், அவளைப் பார்த்ததும் நின்றான். அகலமான, அமைதியான கண்கள். அதில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் பரவாயில்லை, ஏதோ கொஞ்சம் கணக்குத் தீரும். ஆனால் அந்தக் கண்கள் அவள் கழுத்துத் துணிக்குப் போயின... அங்கேயே நின்று கலங்கின.

“பாவம்டா, இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வராதாம்.”

“ஆமாம்மா,” என்றான், அம்மாவின் காதருகே குனிந்து. “கொஞ்ச நாளைக்கு வராது. அப்புறம் வந்துரும்.” யார் என்று சொல்லவில்லை.

அவள் போனை எடுத்தாள். ‘அன்னைக்கு’ என்று அடித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். திட்டும்போது எத்தனை சரளமாக வந்தது.

அவன் அவள் போனைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். “அன்னைக்கு ஒயர் லூசா இருந்துச்சுங்க. நான் முன்னாடியே பாத்திருக்கணும். மனசுல வச்சுக்காதீங்க.”

பொய். இத்தனை மரியாதையான பொய்யை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். மன்னிப்புக் கேட்கவேண்டியவள் வாயில் பூட்டு. பூட்டு இல்லாவிட்டால் மட்டும்...? அந்தக் கேள்விதான் வீடு வரை கூடவே வந்தது.

ஒரு வாரம் கழித்து வாய்க்கு விடுதலை கிடைக்கவில்லை, ஒரு ஸ்ட்ரா கிடைத்தது. குரல் பயிற்சி கொடுக்கிற பெண்மணி கறாரான ஆள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை அதில் வைத்து, ‘ஊ’ என்று மெல்ல ஊதச் சொன்னார். குமிழ் வரவேண்டும், ஆனால் தெறிக்கக்கூடாது. கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, வழுக்கிக்கொண்டு போகவேண்டும். மேலே போகும்போது குமிழ் பொங்கினால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறாய் என்று அர்த்தமாம். உயரத்துக்குப் போக நிறையக் காற்று வேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேலே போகப்போகக் குறைவாகத்தான் வேண்டும் என்றார் அவர். முகவாயைத் தூக்காதே. ‘ஆ’வென்று அகலத் திறக்காமல் வாயைக் கொஞ்சம் உருட்டிக்கொள். குரல் தொண்டையில் இடிக்கக்கூடாது, கண்ணுக்குப் பின்னால் அதிரவேண்டும். முதலில் இலேசான குரலில் போய்த் தொட்டுவிட்டு வா, கனத்தை அப்புறம் சேர்க்கலாம்.

“நீ பாடலம்மா இவ்வளவு நாளா,” என்றார் முடிவாக. “உசரத்துல நின்னுக்கிட்டு யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்க.”

வராந்தாவில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. பெஞ்சின் அடுத்த கோடியில் அவன். அம்மா உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

டம்ளரில் குமிழ் பொங்கித் தண்ணீர் அவள் மூக்கில் அடித்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. கைக்குட்டையை நீட்டி, அவள் கச்சேரியிலேயே இதுதான் தனக்கு ரொம்பப் பிடித்தது, டிரம்ஸ் தொல்லை இல்லை என்றான். அவள் முறைத்தாள். முறைப்புக்குச் சத்தம் தேவையில்லை, நல்லவேளை. இந்தக் கச்சேரிக்கு மைக் வேண்டுமானால் தன்னைக் கூப்பிடலாம், கை நடுங்காது என்று சொல்லிவிட்டான்...

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் முகம் வாடிவிட்டது.

“விளையாட்டுக்குச் சொன்னேங்க.” அந்தப் பேச்சை மறக்கடிக்க நினைத்தவன்போல, ஒத்திகை நாளைப் பற்றிச் சொன்னான். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது, மைக் இல்லாமல், தனியாக ஜன்னலோரம் நின்று அவள் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம். அதே உச்சிதான். ஆனால் இலேசாக, எதையும் உடைக்காமல். அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டு மேடைக்கடியில் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தக் குரலை யாரும் கேட்டதே இல்லை. மேடையில நீங்க பாடறது அது இல்லைங்க. அதைக் கேட்டவனுக்கு, மத்தது மாறும்போது தெரிஞ்சிரும். உடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி குரல்ல இருக்கற ஈரம் போயிடும், பஞ்சு மாதிரி ஆயிடும்... அப்பக் கை தானா இறங்கி...”

நிறுத்தினான்.

டம்ளரில் குமிழ் நின்றது.

“...ஒயரு லூசாயிடும்,” என்று முடித்தான். காது மடல் சிவந்துபோனது.

அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது, அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவள் ஸ்ட்ராவை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். தலை நிமிரவில்லை. அவன் எழுந்து போய் நர்ஸிடம் வேறொரு ஸ்ட்ரா வாங்கிவந்து டம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

சில வாரம் கழித்து வந்தபோது டாக்டர் குழாய்க் கேமராவில் பார்த்துவிட்டு, பேசலாம் என்றார். குறைவாக, இயல்பான குரலில். கத்தாதே, குசுகுசுக்காதே.

முதல் வார்த்தை என்ன என்பதை அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். ‘மன்னிச்சிருங்க.’ அதை வாய்க்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். அங்கே அந்த அம்மாள் புதுக் காது மிஷினோடு உட்கார்ந்து, உலகத்தையே புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு இத்தனை சத்தமா, இவன் செருப்புக்கு இத்தனை சத்தமா என்று ஒவ்வொன்றாக. அவளைக் கண்டதும் கையை நீட்டினார். அவளும் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நர்ஸ் வந்தாள். அவளை உற்றுப் பார்த்து, கண்ணை விரித்தாள். “எனக்கு இவ்வளவு நாளாத் தோணவே இல்ல பாருங்க. நீங்க அந்த உச்சியில பாடறவங்கதானே? மைக்கை நிறுத்தினவனை மேடையிலேயே ஒரு வாங்கு வாங்கினீங்களே, வீடியோ பாத்தேன். நல்லாக் குடுத்தீங்க.”

புதுக் காதில் எல்லாம் தெளிவாக விழுந்தது.

பிடித்திருந்த கை மெல்ல விலகியது. உதறவில்லை. உதறியிருந்தால் தேவலை.

“அம்மா, அது ஒயரு...” என்று ஆரம்பித்தான் மகன்.

“நீ சும்மா இரு. எனக்கு இப்பக் காது கேக்குது.” இதுவரை இரைந்தே பேசிய அம்மாள் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். அவள் பக்கம் திரும்பினார். “நீதானா?”

சேர்த்து வைத்திருந்த வார்த்தை எங்கோ போய்விட்டது. “நான்தாம்மா,” என்றாள். இத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

“என் கையைப் பிடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தியே கண்ணு,” என்றார் அந்த அம்மாள். திட்டக்கூட இல்லை. அந்தக் ‘கண்ணு’தான் தாங்கவில்லை. எழுந்து நடந்தார். மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... மழைக்குள் போய்விட்டார்கள்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் குழுவை மறுபடியும் அழைத்தார்கள். அன்று பாதியில் நின்றுபோன பாட்டை முழுதாகக் கேட்கவேண்டும் என்று ஊழியர்கள் பிடிவாதமாம். அதே மண்டபம், அதே ஜனம். குழுவை நடத்துகிற மாஸ்டர் சந்தோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார்.

பாட்டுக்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும், ஒலிக்காரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்றாள் அவள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார். சொன்னாள். மாஸ்டர் உட்கார்ந்தே விட்டார். அவருக்கு அவள் மேல் பாசம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பத்துப் பேர் பிழைப்பு அவர் தலையில். “உச்சி, குரல் உடைஞ்ச பாடகின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்த உசரத்துல பாடினாலும் ஜனம் உடையற எடத்தைத்தான் தேடிட்டு உக்காந்திருக்கும். ஒயருன்னு முடிஞ்ச கதை. அதை ஏன் கிளறுற?”

அவர் சொன்னது உண்மைதான். அவளும் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். பேசாமல் அவன் வீட்டுக்குப் போய், நாலு சுவருக்குள் காலில் விழுந்துவிட்டால் என்ன? மனசு ஆறிவிடும், பேரும் மிஞ்சும். நினைக்க நினைக்க அதுவே வெட்கமாக இருந்தது. ஊர் நடுவே அடித்துவிட்டு, கொல்லைப்புறத்தில் மருந்து போடுகிற கதை.

அவன் வீட்டுக்குப் போகத்தான் செய்தாள், ஆனால் வேறு காரியமாக. மழையில் நனைந்து வாசலில் நின்றவளுக்கு அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. துண்டை மட்டும் எடுத்து நீட்டினார்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் விழாவுக்கு வரணும்மா. நான் சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு.”

“இப்பத்தான் பேச்சு வருதே. இங்கயே சொல்லிட்டுப் போயேன்.”

“இங்க சொன்னாப் பத்தாதும்மா. மைக்குல திட்டினது. மைக்குலதான் எடுக்கணும்.”

அந்த அம்மாள் ஈரத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “மிஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கிட்டு வரேன்,” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மற்ற பாட்டுகளைத் துணைப்பாடகி பாடினாள். கடைசியில் இவள் வந்து நின்றபோது விசில் பறந்தது. நாலாவது வரிசையில் அந்த அம்மாள் தெரிந்தார், பக்கத்தில் அவன். பின்னால் விளக்கடியில் யாரோ ஒரு புது ஆள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு இங்க மைக் நிக்கல,” என்றாள். “என் குரல்தான் உடைஞ்சுது. உடையப்போறது தெரிஞ்சு, அந்தச் சத்தம் உங்க காதுல விழக்கூடாதுன்னு பின்னாடி இருந்தவர் மைக்கை இறக்கினார். என்னைக் காப்பாத்தறதுக்காக. எனக்கு அது அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அவரைத் திட்டினேன். நீங்க சிரிச்சீங்க, அவர் மன்னிப்புக் கேட்டார், அவர் வேலை போச்சு. கை நடுங்கினது அவருக்கு இல்ல. மன்னிப்புக் கேக்கவேண்டியது நான். கேக்கறேன்.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முகம் காது எல்லாம் பற்றி எரிந்தது. அவமானம் என்பது இவ்வளவு சூடானதா... இத்தனை நாள் உள்ளே இருந்தது வெளியே வந்தால் எரியத்தானே செய்யும்.

கீபோர்டுக்காரரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டினாள். அரைக்கட்டை சுருதி குறை என்று அர்த்தம். அவள் அந்தச் சைகையை ஒருநாளும் செய்தவள் இல்லை. அவர் இரண்டு முறை கண்ணால் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, காலடி ஸ்பீக்கரைக் காட்டி, பின்னால் இருந்தவருக்கு விரலை மேலே உயர்த்தினாள். என் குரல் எனக்குக் கேட்கவேண்டும். அந்தப் புது ஆளுக்குப் புரியவில்லை. மறுபடி உயர்த்தினாள்.

நாலாவது வரிசையிலிருந்து அவன் எழுந்தான். நடைபாதை வழியே, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, பின்னால் போனான். மாஸ்டர் வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். விளக்கடியில் ஒரு நிழல் விலகி இன்னொரு நிழல் உட்கார்ந்தது.

காலடியிலிருந்து அவள் குரல் அவளுக்கு வந்தது. சொந்த வீட்டுக்குள் விளக்கு போட்டமாதிரி.

பாடினாள். கடைசி வரி ஏறத்தொடங்கியதும் பழைய பயம் முகவாயைத் தூக்கப் பார்த்தது... இறக்கினாள். காற்றைக் குறைத்தாள். வாயை உருட்டினாள். ஜன்னலோரம் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு முணுமுணுத்த அந்தக் குரலில் போய் உச்சியைத் தொட்டாள், இலேசாக. தொட்டபின் மெல்லக் கனம் சேர்த்தாள். கண்ணுக்குப் பின்னால் அதிர்ந்தது. தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. குரல் நின்றது. அவளாக விடும்வரை நின்றது.

கைத்தட்டல் பழைய கைத்தட்டலில் பாதிதான். சிலர் தட்டவே இல்லை. தட்டினவர்கள் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்கள்.

மண்டபத்தின் பின்வாசல் கூரையடியில் மழைக்காக மூன்று பேர் நின்றார்கள். மாஸ்டர் சற்றுமுன் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே, அடுத்த ஒத்திகை எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தான் வரவேண்டுமா என்று மட்டும் அவர் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள். சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அம்மாள் அவளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காதில் கையை வைத்து எதையோ திருகினார். “இந்த மழைச் சத்தம் மண்டையைக் குடையுது. நான் மிஷினை நிறுத்திட்டேன். நீங்க பேசிட்டு வாங்க,” என்று தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கூரையிலிருந்து நீர் சரம் சரமாக விழுந்தது.

“அந்த வரி வந்தப்போ மைக் பொத்தான்ல கையே வைக்கல,” என்றான் அவன் கடைசியில். “கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டேன்.”

“உடைஞ்சிருந்தா?”

“உடைஞ்சிருந்தா உடைஞ்ச சத்தம் கேட்டிருக்கும். இன்னைக்கு நீங்க அதுக்கும் தயாராத்தானே நின்னீங்க?”

அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த அகலமான கண்களை நேராகப் பார்க்க இன்னும் வெட்கம். மழையைப் பார்த்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய, என்னவோ முணுமுணுத்தாள்.

“ரகசியக் குரல்ல பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா? தொண்டைக்கு ஆகாதுங்க.”

“...ஒழுங்காச் சொல்லவா?”

“ஒழுங்காச் சொல்லுங்க. எனக்குக் கேக்கற அளவுக்கு.”

மூச்சை இழுத்தாள். நிறைய இல்லை, வேண்டிய அளவு. முகவாய் தாழ்ந்தே இருந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கண்ணை நிமிந்து பாக்கற யோக்யதை எனக்கு வந்துருச்சான்னு தெரியல. வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கலாமா?”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. குரல்களை ஏற்றி இறக்கியே பழகியவனுக்குத் தன் குரலை எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்... ஆட்டிக்கொண்டே இருந்தான்.

தூண் பக்கமிருந்து, திரும்பாமலே, அந்த அம்மாள் கையை நீட்டினார். பெஞ்சில் அன்று நீட்டிய அதே மாதிரி.

“கைய குடு கண்ணு, போகலாம்,” என்றார். “எனக்கு எல்லாம் கேட்டுச்சு.”